சொல்லில் பிறந்த உலகம்: பேராசிரியர் டோல்கீனின் வாழ்வும் பணியும்

இடைக்கால இலக்கியத்தை ஆராய்வோரின் பணி பெரும்பாலும் வெளியுலகம் அறியாத பணியாகும். சிதைந்த சுவடியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாடம் தேர்வதும், வழக்கொழிந்த சொல்லுக்குப் பொருள் காண்பதும், பின்வருவோர் கற்பதற்கேற்ற குறிப்புரையும் சொல்லடைவும் அமைப்பதும் அவர்தம் கடன். அவர்கள் பெயரை மாணவர் அறிவர்; மற்றவர் அறியார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1959 வரை பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் இதற்கு விலக்கானவர். பழைய ஆங்கிலத்திலும் இடைக்கால ஆங்கிலத்திலும் ஆழ்ந்த புலமை படைத்த அவரை உலகம் இன்று ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆகிய மாயப் புதினங்களின் ஆசிரியராகவே அறிகிறது.

இப்புகழ் அவருக்கு ஒரு பழியையும் சேர்த்தே தந்தது. ஆராய்ச்சிக்கு உரிய காலத்தை அவர் கதைக்குச் செலவிட்டுவிட்டார் என்று உடன் பணியாற்றிய அறிஞருள் சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். அவர் தொடங்கிய பதிப்புகள் பல காலந்தாழ்ந்தன, சில முடிவுறவேயில்லை. அக்குறை அவர் மனத்தையும் உறுத்தியது. ஆயினும் அவர் வாழ்வை முழுமையாக நோக்கினால், புலமையும் புனைவும் ஒன்றையொன்று தின்ற பகைகள் அல்ல என்பதும், ஒரே வேட்கையின் இரு கிளைகள் என்பதும் புலனாகும். அவ்வேட்கை பட்டுப்போகாமல் காத்தவை இரண்டு நண்பர் வட்டங்கள். அவற்றுள் ஒன்றைப் போர் அழித்தது. மற்றொன்று அவருடைய பெருநூல் முடியும்வரை உடன் நின்றது.

இளமை

டோல்கீன் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் அங்கே வங்கி மேலாளர். 1895-இல் தாய் மேபல் இரு மகன்களுடன் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு தொடக்கத்தில், தாமும் வந்து சேருமுன்பே, தந்தை தென்னாப்பிரிக்காவில் காலமானார். பர்மிங்ஹாம் நகரை அடுத்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில் அக்குடும்பம் எளிய வாழ்க்கை வாழ்ந்தது. அவ்வூரின் ஆலையும் ஆறும் மரங்களும் பின்னாளில் அவர் படைத்த சிற்றூருக்கு அச்சாயின. லத்தீன் மொழியை முதலில் கற்பித்தவர் தாயே. 1900-இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதால் உறவினரின் ஆதரவை இழந்த அத்தாயும் 1904-இல் நீரிழிவு நோயால் மறைந்தார். பன்னிரண்டு வயதில் தாய்தந்தையற்றுப்போன டோல்கீனையும் தம்பி ஹிலரியையும் ஃபிரான்சிஸ் மார்கன் என்னும் பாதிரியார் காப்பாளராக இருந்து வளர்த்தார்.

மொழியின்பால் அவருக்கிருந்த ஈடுபாடு பயனை நோக்கியதன்று. ஒலியின் அழகில் தோய்ந்தது. நிலக்கரி ஏற்றிச்சென்ற தொடர்வண்டிப் பெட்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் அச்சிறுவனை ஈர்த்தன. கிங் எட்வர்ட் பள்ளியில் பயின்ற காலத்தில் ஜோசஃப் ரைட் எழுதிய கோதிக் மொழி நூல் அவர் கைக்கு வந்தது. வழக்கொழிந்து, சில நூற்பகுதிகளால் மட்டுமே அறியப்படும் அம்மொழியில் விடுபட்ட சொற்களை அவர் தாமே ஆக்கிப் பார்த்தார். 1911-இல் ஆக்ஸ்போர்டின் எக்ஸிட்டர் கல்லூரியில் சேர்ந்தபின் அங்கு ஃபின்னிஷ் இலக்கண நூலொன்றைக் கண்டெடுத்தது, அதுவரை சுவைத்திராத மதுவைக் கண்டது போன்ற மயக்கத்தை அவருக்குத் தந்தது. கிரேக்கமும் லத்தீனும் பயில வந்தவர் 1913-இல் ஆங்கில மொழி, இலக்கியப் பிரிவுக்கு மாறினார். 1915-இல் முதல் வகுப்பில் தேறினார். கோதிக் நூலை எழுதிய ரைட்டே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

முதல் வட்டம்

பள்ளி நாள்களில் நால்வர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தனர். பள்ளி நூலகத்தில் மறைவாகத் தேநீர் காய்ச்சிக் குடித்ததாலும், பாரோ கடையின் தேநீரகத்தில் கூடியதாலும் அக்குழுவுக்குத் ‘தேநீர்ச் சங்கமும் பாரோ கழகமும்’ என்று பொருள்படும் பெயரை வேடிக்கையாக இட்டுக்கொண்டனர். டோல்கீன், கிறிஸ்டஃபர் வைஸ்மன், ராபர்ட் கில்சன், ஜெஃப்ரி பாக் ஸ்மித் ஆகியோரே அந்நால்வர். ஸ்மித் கவிஞர், டோல்கீனைக் கவிதையின் பக்கம் ஊக்கியவருள் அவர் தலையாயவர்.

1914-ஆம் ஆண்டு டோல்கீன் ‘கிறிஸ்ட்’ என்னும் பழைய ஆங்கிலப் பாடலைப் படித்தபோது ‘எயாரெண்டல்’ என்ற ஒரு சொல் அவரை நிறுத்தியது. ஒளி மிக்க ஒன்றை விளிக்கும் சொல் அது. விடிவெள்ளியைக் குறிப்பதென அறிஞர் பலர் கொண்டனர். அதே பெயரின் திரிபுகள் நார்ஸ் பழங்கதையிலும் இடைக்கால ஜெர்மன் பாட்டிலும் தனித்தனியே கிடக்கின்றன. பெயர் பல மொழிகளில் சிதறிக் கிடப்பின் அதற்குப் பின்னே ஒரு கதை இருந்திருக்க வேண்டும். அக்கதை எங்கும் எஞ்சவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் டோல்கீன் எயாரெண்டல் என்னும் மாலுமியின் வான்வழிப் பயணத்தைப் பாடலாக எழுதினார். அதனைப் படித்த ஸ்மித், இது எதைப்பற்றியது என்று வினவினார். தமக்குத் தெரியவில்லை என்றும், கண்டறிய முயல்வதாகவும் டோல்கீன் விடையிறுத்தார். அவர் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவ்வினாவுக்கு விடை தேடினார் எனில் மிகையாகாது.

இதனிடையே முதல் உலகப் போர் மூண்டது. 1916 மார்ச் 22-இல் டோல்கீன், தம் பதினாறாம் வயதிலிருந்து விரும்பிய ஈடித் பிராட்டை மணந்தார். இருபத்தோரு வயது நிறையும்வரை ஈடித்தோடு தொடர்பு கொள்ளலாகாது என்று காப்பாளர் விதித்த தடைக்கு உட்பட்டுக் காத்திருந்தவர் அவர். மணமான மூன்று மாதங்களுக்குள் லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவில் செய்தித்தொடர்பு அதிகாரியாகப் பிரான்சு சென்றார். சோம் ஆற்றுப் போரின் முதல் நாளாகிய ஜூலை 1-இல் கில்சன் மாண்டார். டோல்கீன் பேன் கடியால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சலுக்கு ஆளாகி நவம்பரில் தாயகம் அனுப்பப்பட்டார். டிசம்பர் 3-இல் குண்டுச் சிதறலால் உண்டான புண் சீழ்பிடித்து ஸ்மித்தும் இறந்தார்.

அவ்வாண்டு பிப்ரவரியில், இரவுக் காவலுக்குப் புறப்படுமுன் ஸ்மித் டோல்கீனுக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். தாம் மடிய நேரினும் நால்வர் கூட்டு கலையாது என்றும், தாம் சொல்ல முயன்று சொல்லாமற் போனவற்றைத் தமக்குப் பின் நெடுங்காலம் டோல்கீன் சொல்ல வேண்டும் என்றும் அதில் வேண்டியிருந்தார். டோல்கீன் முதலில் ஆற்றிய கடன் நண்பரின் கவிதைகளைத் தொகுத்ததாகும். ‘எ ஸ்ப்ரிங் ஹார்வெஸ்ட்’ என்னும் அத்தொகுதி 1918-இல் வெளிவந்தது. அடுத்த கடன் பெரியது. நோயிலிருந்து தேறிவந்த நாள்களில் ‘கொண்டொலின் வீழ்ச்சி’ என்னும் கதையை அவர் எழுதத் தொடங்கினார். மலைகளுக்கிடையே மறைந்திருந்த அழகிய நகரமொன்று பகைவரால் எரியுண்ட கதை அது. பின்னர்ப் பெருகிய தொன்மத் தொகுதிக்கு அதுவே தொடக்கம்.

சொல்லாய்வுப் பணி

போர் முடிந்தபின் டோல்கீனுக்குக் கிடைத்த முதல் வேலை ஆக்ஸ்போர்டுப் பேரகராதியில். ‘டபிள்யு’ எழுத்தில் தொடங்கும் சொற்களின் வரலாற்றை ஆராயும் பணி அவருக்குத் தரப்பட்டது. கடற்பசு போன்றதொரு பெருவிலங்கைக் குறிக்கும் ‘வால்ரஸ்’ என்னும் ஒரு சொல்லின் பிறப்புக்காக மட்டும் அவர் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த குறிப்புகள் பல. 1920-இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் சென்றார். 1924-இல் அங்கே பேராசிரியரானார். இ. வி. கார்டனுடன் இணைந்து அவர் பதிப்பித்த ‘சர் கவேயினும் பச்சை வீரனும்’ 1925-இல் வெளிவந்து, பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டு அவரை ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1929-இல், பெண் துறவியர்க்கென எழுதப்பட்ட ‘ஆங்க்ரன் விஸ்’ என்னும் உரைநடை நூலின் சுவடி ஒன்றும் அதனோடு தொடர்புடைய வேறொரு சுவடியும் ஒரே வட்டாரத்தின் சீரான எழுத்துமொழியைக் கொண்டவை என நுட்பமாக நிறுவினார். பிரெஞ்சு மொழியின் ஆதிக்கம் ஓங்கிய காலத்திலும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் தாய்மொழி மரபு அறாது நின்றது என்பதற்கு அது சான்றாயிற்று.

எனினும் அவர் பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது 1936 நவம்பர் 25-இல் பிரிட்டிஷ் அக்காதெமியில் ‘பியோவுல்ஃப்’ காப்பியம் குறித்து அவர் ஆற்றிய உரையே. 3182 அடிகள் கொண்ட அக்காப்பியத்துக்கு எஞ்சியது ஒரே ஒரு சுவடி. அதுவும் 1731-இல் காட்டன் நூலகத்தில் மூண்ட தீயில் ஓரங்கள் கருகித் தப்பியது. எதுகையால் அன்றி மோனையால் கட்டப்பட்டது அக்கால ஆங்கிலச் செய்யுள். ஒவ்வோர் அடியும் நடுவே பிளந்து, இரு பாதிகளும் மோனையொலியால் பிணைந்து நிற்கும். இத்தகைய காப்பியத்தை அறிஞர்கள் வரலாற்றுச் செய்திகளுக்காகத் தோண்டும் சுரங்கமாகவே நெடுங்காலம் கருதினர். அரக்கரையும் நாகத்தையும் நடுவே வைத்த புலவர், வரலாற்றை ஓரத்தில் ஒதுக்கிவிட்டாரே என்று வருந்தினர்.

டோல்கீன் இக்கொள்கையை மறுத்தார். அரக்கர் அக்காப்பியத்தின் குறையல்லர். மாந்தன் இறுதியில் தோற்பது உறுதியெனினும் எதிர்த்து நிற்பதே மாண்பு என்னும் அதன் உட்பொருளுக்கு அவரே உரிய உருவம் என்று காட்டினார். இதனை விளக்க ஓர் உவமைக் கதை கூறினார். ஒருவன் பழங்கற்களைக் கொண்டு ஒரு கோபுரம் எழுப்பினான். நண்பர்கள் வந்து, கற்கள் பழையவை எனக் கண்டு, எழுத்துகள் உளவோ எனப் பார்க்கக் கோபுரத்தைச் சாய்த்தனர். அதன் உச்சியிலிருந்து அவன் கடலைக் கண்டான் என்பதை அவர்கள் அறியவில்லை. அவ்வுரைக்குப் பின் பியோவுல்ஃபை ஒரு கவிதையாகக் கற்பதே பெருவழக்காயிற்று.

சொல்லாய்வு நெறியில் ஒரு மரபு உண்டு. எந்த ஆவணத்திலும் காணப்படாது, உறவுமொழிகளை ஒப்பிட்டு உய்த்துணரப்பட்ட சொல்வடிவத்தின் முன் ஓர் உடுக்குறி இடுவர். டோல்கீன் அம்முறையைச் சொல்லிலிருந்து கதைக்கு விரித்தார் என்பது, அவர் லீட்ஸில் வகித்த இருக்கையில் பின்னாளில் அமர்ந்த டாம் ஷிப்பி எடுத்துக்காட்டிய கருத்து. சான்றுகள் இதனை வலியுறுத்துகின்றன. பாழடைந்த கற்கட்டடங்களைப் பழைய ஆங்கிலப் புலவர்கள் ‘எண்ட்’ என்னும் பேருருவினரின் கைவேலை என்று பாடினர். அவர் யாவர் என்று கூறும் கதை ஒன்றும் எஞ்சவில்லை. டோல்கீனின் நூலில் அச்சொல் நடக்கவும் பேசவும் வல்ல மரக்காவலரின் பெயராயிற்று. பழைய நார்ஸ் மொழிப் பாடலொன்றில் குள்ளரின் பெயர்ப்பட்டியல் உள்ளது. அதில் ‘காண்டால்ஃப்’ என்பதும் ஒன்று. மந்திரக் கோலைக் குறிக்கும் சொல் அப்பெயரில் அடங்கியிருக்கிறது. அந்தக் கோலை ஏந்தியவர் குள்ளரிடையே வந்தது எங்ஙனம்? ‘தி ஹாபிட்’ அதற்கொரு விடை போல அமைந்தது. ஒரு கிண்ணம் களவு போனதால் நாகம் விழித்தெழும் நிகழ்ச்சி பியோவுல்ஃபில் உண்டு. அதுவே அப்புதினத்திலும் திருப்பமாக வருகிறது. ஃபின்னிஷின் ஒலியழகை அடியொற்றிக் குவென்யா என்ற மொழியும், வேல்ஷ் மொழியை அடியொற்றிச் சிண்டரின் என்ற மொழியும் அவர் ஆக்கினார். மொழிகள் முதலில் பிறந்தன. அவற்றைப் பேச ஓர் உலகம் தேவைப்பட்டதால் கதைகள் பிறந்தன.

இரண்டாம் வட்டம்

ஆக்ஸ்போர்டில் ஐஸ்லாந்துப் பழங்கதைகளை மூலமொழியில் படிக்க டோல்கீன் ஒரு சிறு குழுவை அமைத்தார். அதில் வந்து சேர்ந்தவருள் ஒருவர் சி. எஸ். லூயிஸ், 1926-இல் இருவரும் அறிமுகமாயினர். 1931 செப்டம்பரில் ஓரிரவு, லூயிஸ், ஹ்யூகோ டைசன், டோல்கீன் ஆகிய மூவரும் மாக்டலன் கல்லூரியின் மரச்சாலையில் நடந்தவாறு தொன்மங்களின் உண்மை பற்றி உரையாடினர். தொன்மம் பொய்யென்று கருதிவந்த லூயிஸின் உள்ளத்தை அவ்வுரையாடல் மாற்றியது.

1930-களில் இந்நட்பைச் சுற்றி ‘இங்க்லிங்ஸ்’ என்னும் வட்டம் உருவாயிற்று. வியாழன் இரவுகளில் லூயிஸின் அறையில் கூடுவர். எழுதியதை உரக்கப் படிப்பர். செவ்வாய் முற்பகலில் ‘கழுகும் குழந்தையும்’ எனப் பெயர் கொண்ட மதுவகத்தில் உரையாடுவர். தலைவரும் இல்லை, விதிகளும் இல்லை, சந்தாவும் இல்லை. புகழுரைக்காகக் கூடிய கூட்டமும் அன்று அது. குறைகள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டன. டோல்கீனின் கதையை டைசன் வெளிப்படையாகவே வெறுத்தார்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மாணவர் எவரோ எழுதாது விட்ட வெற்றுத்தாளில் ‘ஹாபிட்’ என்னும் சொல் அமைந்த ஒரு வரியை டோல்கீன் எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவரே அறியார். அச்சொல்லினின்று வளர்ந்த நூலை ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் 1937 செப்டம்பர் 21-இல் வெளியிட்டது. பதிப்பாளரின் பத்து வயது மகன் ரேனர் அன்வின் கைப்பிரதியைப் படித்துப் பரிந்துரைத்தமையே வெளியீட்டுக்கு வழிகோலியது. முதற்பதிப்பின் 1500 பிரதிகளும் அவ்வாண்டு முடியுமுன் விற்றுத் தீர்ந்தன. பதிப்பாளர் தொடர்ச்சி வேண்டினர். டிசம்பரில் தொடங்கிய அத்தொடர்ச்சி பன்னிரண்டு ஆண்டுகள் நீடிக்கும் என எவரும் எண்ணவில்லை.

மீண்டும் போர் வந்தது, தாள் அரிதாயிற்று. பழைய விடைத்தாள்களின் பின்புறத்தில் அவர் எழுதினார். பாடம் சொல்லும் பணியும் தேர்வுப் பணியும் குடும்பக் கவலையும் இடையிட்டன. பல திங்கள் ஒரு வரியும் நகராமல் நின்ற காலமும் உண்டு. அப்போதெல்லாம் அடுத்த இயல் எங்கே என்று விடாது கேட்டவர் லூயிஸ். 1944-இல் எழுத்து மீண்டும் ஓடியபோது, புதிய இயல்களைக் காலையில் லூயிஸுக்கும் சார்ல்ஸ் வில்லியம்ஸுக்கும் படித்துக்காட்டினார். விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டஃபருக்கும் அஞ்சலில் அனுப்பினார். போர் முடிந்தபின் கிறிஸ்டஃபரும் வட்டத்தில் சேர்ந்தார். தந்தையின் குரல் குழறலானது. மகனே தெளிவாகப் படிக்க வல்லவர். லூயிஸுக்குத் தாம் பட்ட கடன் எழுத்தின் தாக்கம் அன்று, கலப்பற்ற ஊக்கமே என்றும், அவர் இல்லாவிடின் நூல் முடிந்திராது என்றும் டோல்கீன் பிற்காலத்தில் எழுதினார். 1949-இல் தட்டச்சுப் பிரதி முடிந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே வியாழன் கூட்டங்களும் ஓய்ந்தன.

நூலும் அதன் பின்னும்

முடிந்த நூல் அச்சேற மேலும் ஐந்தாண்டுகள் ஆயின. இதனோடு பழைய தொன்மத் தொகுதியும் வெளிவரவேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதமாயிருந்தார். வேறொரு பதிப்பகத்துடன் நடந்த பேச்சு பயனற்றுப் போக, 1952-இல் ஆலன் அண்ட் அன்வினிடமே திரும்பினார். அன்று கைப்பிரதியைப் படித்த சிறுவன் ரேனர் இப்போது நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். ஆயிரம் பவுன் வரை இழப்பு நேரலாம் என்று தந்தையிடம் சொல்லியும் வெளியிட ஒப்புதல் பெற்றார். 1954-இல் இரு தொகுதிகளும் 1955 அக்டோபரில் மூன்றாம் தொகுதியும் வந்தன. திறனாய்வாளர் இரு பிரிவாயினர். எட்மண்ட் வில்சன் 1956-இல் நூலை எள்ளி எழுதினார். மாணவராக இருந்த காலத்தில் டோல்கீன் பியோவுல்ஃபை முழங்கக் கேட்டுச் சிலிர்த்த கவிஞர் டபிள்யு. எச். ஆடன் அதனைப் போற்றி எழுதினார். 1965-இல் அமெரிக்காவில் ஆசிரியரின் ஒப்புதலின்றி ஒரு மலிவுப்பதிப்பு வெளிவந்து சர்ச்சைக்குள்ளானதும் நூலின் புகழைப் பெருக்கியது.

இதனிடையே நட்பு தளர்ந்தது. லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகள் டோல்கீனுக்கு உவப்பளிக்கவில்லை. லூயிஸ் 1956-இல் செய்துகொண்ட திருமணமும் இடைவெளியை வளர்த்தது. ஆயினும் 1954-இல் லூயிஸுக்குக் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் இருக்கை கிடைக்க முன்னின்று உழைத்தவருள் டோல்கீன் ஒருவர். 1963 நவம்பரில் லூயிஸ் இறந்தபோது, மரத்தின் வேரருகே வெட்டு விழுந்தது போன்ற துயரம் அவரைத் தாக்கியது.

ஆய்வுக் கடன்கள் மெல்லவே தீர்ந்தன. பல்லாண்டு கையிலிருந்த ‘ஆங்க்ரன் விஸ்’ பதிப்பு, அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து 1962-இல் வெளிவந்தது. 1926-இலேயே முடித்திருந்த பியோவுல்ஃப் உரைநடை மொழிபெயர்ப்பை அவர் வாழ்நாளில் அச்சேற்றவில்லை. ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டே இருக்கும் இயல்பு அவருக்குத் துணையுமாயிற்று, தடையுமாயிற்று. 1971-இல் ஈடித் மறைந்தார். 1972-இல் ஆக்ஸ்போர்டு அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1973 செப்டம்பர் 2-இல் டோல்கீன் காலமானார். வுல்வர்கோட் கல்லறையில் இருவர் பெயருக்கும் கீழே, அவர் படைத்த காதலர் இருவரின் பெயர்கள், லூதியன், பெரன் எனப் பொறிக்கப்பட்டுள்ளன.

தொன்மத் தொகுதி முடிவுறாமலே கிடந்தது. அதனை ஏற்றுக்கொண்டவர் கிறிஸ்டஃபர். அவரும் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலமும் நார்ஸும் கற்பித்த அறிஞர். 1975-இல் அப்பணியைத் துறந்து தந்தையின் தாள்களோடு அமர்ந்தார். மங்கிய பென்சில் எழுத்தையும், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட பாடவேறுபாடுகளையும், இடைக்காலச் சுவடியைப் பதிப்பிக்கும் முறையிலேயே அவர் ஆராய்ந்தார். ‘தி சில்மரில்லியன்’ 1977-இல் வந்தது. நூல் உருவான வரலாறு 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளாக வந்தது. பியோவுல்ஃப் மொழிபெயர்ப்பு 2014-இல் வந்தது. புலமையிலிருந்து புனைவுக்குச் சென்ற தந்தையின் எழுத்து, மகனின் கையில் மீண்டும் புலமைக்குரிய பொருளாயிற்று.

கிறிஸ்டஃபர் பதிப்பித்து வெளியிட்ட இறுதி நூல் 2018-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. 2020 ஜனவரியில் அவரும் மறைந்தார். அந்நூல் ‘கொண்டொலின் வீழ்ச்சி’: ஸ்மித்தும் கில்சனும் மாண்டபின், போரிலிருந்து நோயுற்று மீண்ட இளைஞர் முதன்முதலில் எழுதத் தொடங்கிய அதே கதை. பள்ளி நால்வருள் டோல்கீனைத் தவிர உயிரோடு மீண்டவர் கிறிஸ்டஃபர் வைஸ்மன் ஒருவரே. அந்நண்பரின் பெயரைத்தான் டோல்கீன் 1924-இல் தம் மூன்றாம் மகனுக்கு இட்டிருந்தார்.